கிடாவுக்குக் குடை

குடையைப் பார்த்துத்தானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள் சார், தப்பில்லை. இந்தப் பூங்காவுக்கு வருகிற எல்லோரும் முதலில் இதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அந்தப் பெரிய இரும்புக் கை, நெற்கதிர், குடம் சுமக்கிற பெண் எல்லாம் அதற்கு அப்புறம்தான். வாட்ச்மேன் நனைந்துகொண்டு ஆட்டுக்குக் குடை பிடிக்கிறான் என்று போட்டோகூட எடுத்துப் போனார்கள். ஆட்டுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது சார். அதற்காகத்தான் குடை. வேறொன்றும் இல்லை.

இப்படி உட்காருங்கள். மழை இப்போதைக்கு விடாது. நீங்கள் பார்க்க வந்தது தலையில்லாத அந்த எவர்சில்வர் கிடாவைத்தானே? அதோ, ரோட்டோரம் நிற்கிறது. பக்கத்திலிருக்கும் பலகையில் என்னென்னவோ எழுதியிருப்பார்கள், அதை நம்ப வேண்டாம். அதன் தலையை வெட்டியவன் நான்தான்.

ஆமாம் சார், நான்தான். அர்த்தனாரி. அதோ தெரிகிறதே ஆலை, அதில் பழைய இரும்பு வெட்டுகிற பகுதியில் இருபது வருஷத்துக்கு மேல் கேஸ் கட்டிங் வேலை. இப்போது வாட்ச்மேன். நடுவில் என் மேல் இரும்பு விழுந்தது.

தப்பாகச் சொல்லக் கூடாது, என் மேல் விழவில்லை. கிரேனில் தொங்கிய தகட்டுக் கட்டு நழுவிப் பக்கத்தில் விழுந்து, சாய்ந்து, சுவரோடு சேர்த்து என்னை மூடிவிட்டது. உள்ளே ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்காரும் அளவுக்கு இடம். அந்த இடத்தில் நான். வெளியே எல்லோரும் நான் செத்துப்போனேன் என்று முடிவு பண்ணி என் நல்ல குணங்களைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியொன்றும் அதிகம் பேசவில்லை. தூக்கி எடுத்தபோது ஒரு கால் மட்டும் கொஞ்சம் இழுத்தது, இப்போதும் இழுக்கிறது.

இதற்குள் என் வீட்டுக்காரி பாவாயி சேதி கேட்டு ஆலை கேட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். வருகிற வழியில் எங்கள் ஊர் முனியப்பன் கோயில். அங்கே நின்று, "எம்புருசன் உசுரோட வந்தா ஒரு கெடா குடுக்கறேன் சாமி" என்று சொல்லிவிட்டாள். உயிருக்கு உயிர். அவளுக்கு அப்போது வேறு என்ன தோன்றும்?

நான் வந்துவிட்டேன். அதனால் கிடா போக வேண்டும். கணக்கு நேரானதுதான். நான் அதைக் குறை சொல்லவே இல்லை.

மேச்சேரிச் சந்தையில் குட்டியாக வாங்கினோம். இவன்தான். அப்போது பூனை அளவுக்கு இருந்தான். நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பெயர் வைக்கக் கூடாது, நாங்களும் வைக்கவில்லை. நான் 'ராசு' என்று கூப்பிடுவேன். அது பெயர் கிடையாது, கூப்பிடுவதற்கு ஒரு சத்தம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கிடாவைக் கோயில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும். துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம், உடனே வெட்டு. துளுக்காவிட்டால் அருவாளைத் தொடக்கூட மாட்டார் பூசாரி. திருப்பிக் கூட்டிப் போக வேண்டியதுதான்.

முதல் ஆடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். சடையப் பூசாரி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். இவன் அசையவில்லை. இன்னொரு சொம்பு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே போகிறது, இவன் அசை போடுகிறான். பூசாரி குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னப்பா அர்த்தனாரி, எண்ணெ வாடை அடிக்குது?"

"வேப்பெண்ணெங்க. உண்ணி புடிச்சிருந்துது, அதான் தேச்சுவிட்டேன்."

உண்ணி இருந்தது சார். அன்றைக்குக் காலையில்தான் என் கண்ணில் பட்டது. அதற்கு நான் என்ன செய்வது?

இரண்டாவது ஆடியில் உண்ணி இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனால் பம்பை மேளத்துக்கு இவன் ரொம்ப மிரளுவான். வாயில்லாத ஜீவன், கடைசி நேரத்தில் ஏன் பயந்து சாக வேண்டும் என்று காதில் பஞ்சு வைத்துவிட்டேன். ஆட்டுக்குக் காதில் தண்ணீர் போனால்தான் துளுக்கும் என்று அப்புறம் யாரோ சொன்னார்கள். எனக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை.

மூன்றாவது ஆடியில் சாமிக்குப் போகிற உடம்பு சுத்தமாக இருக்கட்டும் என்று விடிந்ததிலிருந்து குட்டையில் இறக்கி நிறுத்திக் குளிப்பாட்டினேன். தண்ணீருக்கு உடம்பு பழகிப்போய், பூசாரி குடம் குடமாக ஊற்றியும் இவன் யாரையோ பார்ப்பதுபோல நின்றான். கூட்டத்தில் ஒருவன், "டேய், அது ஆடில்லடா, எரும!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "முனியப்பனுக்கு ஆட்டு மேல ஒண்ணும் கோவமில்ல. குடுக்கறவனுக்கு மனசு வரணும்."

"எனக்கு மனசில்லையா? கயித்தப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"கூட்டிட்டும் போனீங்க, கூட்டிட்டும் வந்தீங்க. உங்க உசுரு இன்னும் அடமானத்துலதான் இருக்குது, அத நெனப்புல வெச்சுக்கங்க."

இதுதான் சார் என்னைப் பிடித்துக்கொண்டது. அடமானம். நான் இருமினால் அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். மரத்தடியில் உட்கார்ந்தால் கிளை விழும் என்பாள். என்னை ஏணியில் ஏற விடுவதில்லை. ராத்திரி மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். நானும் யோசித்தேன். சாமி விலையை வாங்கவில்லை என்றால் நான் உயிரோடு இருப்பது யாருடைய கணக்கில்? இந்தக் கையும் காலும் என்னுடையதா, அவருடையதா? யோசிக்க யோசிக்கப் பயம்தான் வந்தது. ஆனாலும் பாருங்கள், கிடா துளுக்காததற்கு நான் எப்படிப் பொறுப்பு?

இந்தச் சமயத்தில்தான் ஆலை இந்தப் பூங்காவை ஆரம்பித்தது. இது முன்னால் எங்கள் ஊர் மேய்ச்சல் நிலம். ஆடு மேய்ந்த இடத்தில் இரும்பு முளைக்கப் போகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆலையிலிருந்து ரஞ்சனி மேடம் வந்து கூட்டம் போட்டுச் சொன்னார்கள்: "இது ஆலையும் கிராமமும் கைகோக்கும் இடம். ஆலைக் கழிவு இரும்பில் உங்கள் வாழ்க்கையையே கலைஞர்கள் சிற்பமாக்கப் போகிறார்கள்." எங்கள் வாழ்க்கையில் இரும்பு ஏற்கெனவே விழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. கால் இழுக்கிறவன் என்பதால் வாட்ச்மேன் வேலை எனக்கு வந்தது.

சிற்பிகள் பல ஊரிலிருந்து வந்தார்கள். கல்கத்தாக்காரர் ஒருவர், மித்ரா என்று பெயர், ஒல்லியான ஆள். அவருக்கு இவன் மேல் ஒரே பிரியம். நாள் முழுக்க இவன் எதிரில் உட்கார்ந்து படம் வரைவார். இவனும் அவர் பேப்பரைத் தின்பான். கடைசியில் இவனை மாதிரியே ஒரு கிடா செய்தார். யானைக்கன்று உயரம், முழுக்க எவர்சில்வர் தகடு, உள்ளே வெற்றிடம். இவனுடைய இடது காதில் ஒரு கிழிசல் இருக்கிறது பாருங்கள், அதைக்கூட விடவில்லை. கால்களுக்குப் பழைய லாரியின் அடியில் இருக்கும் வில்லுப்பட்டைகளை வைத்தார். ரோட்டில் ஆலை லாரி கனத்தோடு போனால் தரை அதிரும், கிடா லேசாக ஆடும். "உயிர் இருக்கிற மாதிரி!" என்று கை தட்டிச் சிரிப்பார்.

திறப்பு விழாவுக்கு ஊர் மரியாதை வேண்டும் என்று மேடம் சடையப் பூசாரியைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு சிற்பத்துக்கும் மாலை போட்டுத் தீர்த்தம் தெளித்தால் போதும். பூசாரியும் கைக்கு, கதிருக்கு, குடக்காரிக்கு எல்லாம் போட்டுவிட்டுக் கிடாவிடம் வந்தார். அவர் கைக்கு என்ன பழக்கம்? கிடாவைப் பார்த்தால் தெளிக்காது, ஊற்றும். சொம்போடு முதுகில் ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்து ஆலை லாரி போயிற்று. எஃகுச் சுருள் ஏற்றிய பெரிய லாரி. கிடா மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு குலுக்குக் குலுக்கியது சார்! மாலை எகிறியது. தண்ணீர் பூசாரி முகத்தில் அடித்தது.

 கூட்டத்தில் ஒரே சத்தம்: "துளுக்கிருச்சு! துளுக்கிருச்சு!"

மேடம் தனக்குத்தான் ஆரவாரம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாவாயி முன்னால் வந்தாள். "இது எங்க கெடா. காதப் பாருங்க, கிழிசலப் பாருங்க. அச்சு அசல் எங்க கெடாதான். முனியப்பன் இத்தன வருசமா இதுக்குத்தான் காத்திட்டிருந்திருக்காரு. வெட்டுங்க."

அவள் சொன்னதைக் கேட்டு முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். இதில் என்ன தப்பு? நான் சாகப் பார்த்தது இரும்பால். கடன் தீர்வதும் இரும்பால். முனியப்பன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். ஆட்டைக் கேட்கவே இல்லை அவர். அதனால்தான் இவன் மூன்று தடவையும் துளுக்கவில்லை! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எவ்வளவு தெளிவாகக் காட்டிவிட்டார்!

கோயில் முன்னால் ஊர் கூடியது. மேடமும் வந்தார்கள்.

"அது அசையற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. லாரி போனா அசையும். சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார்கள் மேடம்.

பூசாரி பதறாமல் கேட்டார். "உசுருள்ள ஆடு எதுக்குங்கம்மா துளுக்குது?"

"தண்ணி குளிரும். அதனால."

"அது எங்களுக்கும் தெரியும். அதுக்காக அத நாங்க ஒத்துக்காம உட்டமா? தண்ணிய வெச்சு அசைச்சாலும் அவருதான், லாரிய உட்டு அசைச்சாலும் அவருதான். துளுக்குன கெடாவ வெட்டாம உட்டா ஊருக்கு ஆகாது."

மேடம் பேச்சை மாற்றினார்கள். கிடா ஒரு டன்னாயிற்றே, ஆலைச் சொத்தாயிற்றே, பெரிய அதிகாரி கேட்டால் என்ன சொல்வேன் என்று புலம்பினார்கள். கடைசியில் செய்தவரையே கேட்போம் என்று கல்கத்தாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள். அவர் கத்திய கத்தலில் மேடம் போனைத் தள்ளிப் பிடித்தார்கள். கோபம் என்று நினைத்தோம். சந்தோஷமாம், மேடம்தான் தமிழில் சொன்னார்கள். "வெட்டட்டும், வெட்டட்டும்! நான் செய்ததை இதுவரை ஒருத்தரும் நம்பினதில்லை!" என்றாராம். ஒரே நிபந்தனை, வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும். பெரிய அதிகாரியிடம் மேடம் 'ஊர் மக்கள் பங்கேற்பு' என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள்.

யார் வெட்டுவது? பூசாரி கிடாவின் கழுத்தை அண்ணாந்து பார்த்தார், தன் அருவாளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

கேஸ் வைத்து எவர்சில்வரை வெட்ட முடியாது சார், உருகி இழுபடுமே தவிர அறுபடாது. அதற்குப் பிளாஸ்மா மெஷின் வேண்டும். ஆலையிலிருந்து வந்தது. கூடவே பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். நெருப்பு வேலைக்கு அனுமதி வேண்டும், தீயணைப்பு ஆட்கள் வேண்டும், தலையில் தொப்பி இல்லாமல் யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்றார். பூசாரி மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அருள் வந்து ஆடியதை இந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

இன்னொரு சிக்கல். கிடாவை ஒரே வெட்டில் வெட்ட வேண்டும், அதுவும் பூசாரி கையால். பிளாஸ்மா அப்படி வெட்டாது, சுற்றி வர நேரமாகும். நான் ஒரு யோசனை சொன்னேன். கழுத்தைச் சுற்றி நான் அறுத்துக்கொண்டு வருகிறேன், மேலே ஒரு விரல் அகலம் மட்டும் விட்டுவிடுகிறேன், தலை அதில் தொங்கும், நீங்கள் அருவாளால் தொட்டால் போதும், கனமே இழுத்துக்கொள்ளும் என்றேன். பூசாரி, "இது வெட்டுல சேருமா?" என்று கேட்டார். "கடசி உசுரு உங்க கையிலதானுங்க போகுது" என்றேன். ஒத்துக்கொண்டார்.

வெட்டு அன்றைக்கு இவனையும் கூட்டி வர வேண்டும் என்றாள் பாவாயி. சாமிக்குக் காட்டி, 'இதுக்குப் பதிலா அது' என்று சொல்லிவிட வேண்டுமாம். குளிப்பாட்டி, எப்போதும் கிடக்கிற கழுத்து மணியைத் துலக்கி, அந்தக் கம்பத்தில் கட்டிப் பக்கத்தில் நின்றாள்.

நான் முகமூடியை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும், யாரும் பார்க்காதீர்கள் என்று கத்தியும் பாதிப் பேர் விரலிடுக்கில் பார்த்தார்கள். பம்பை அடித்தது. சுற்றி வந்தேன். இருபது வருஷம் இரும்பு வெட்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் வெட்டுகிற பொருளின் முகத்தைப் பார்க்காமல் வெட்டினேன். இவனைப் பார்த்துச் செய்த முகமாயிற்றே. வெட்டும்போது இரண்டு மூன்று தடவை இவன் கம்பத்தில்தான் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

விரலகலம் விட்டு நிறுத்தினேன். பூசாரி அருவாளை ஓங்கி, "முனியப்பா!" என்று கத்திக்கொண்டே ஒன்று போட்டார். டங்! தலை இறங்கித் தரையில் மோதி உருண்டது. குலவைச் சத்தம். ஓரமெல்லாம் சிவந்து புல் கருகியது. தீயணைப்பு ஆள் குழாயைத் திருப்பித் தலைமேல் தண்ணீரைப் பாய்ச்சினான். ஒரே ஆவி. ஊர் முழுக்க அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது எனக்குப் பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

சாரல் இவன் மேல் பட்டிருக்கிறது. அவ்வளவுதான். உடம்பை உதறினான். தலையிலிருந்து வால் வரைக்கும்தான், ஆனால் உதறினான். துளுக்குவது வேறு சார், உதறுவது வேறு. துளுக்குவது சாமி செய்வது. உதறுவது ஆடு தானாகச் செய்வது. அதுவும் அது மஞ்சள் தண்ணீர் இல்லை, தீயணைப்பு வண்டித் தண்ணீர். முனியப்பனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பாவாயி பார்க்கவில்லை. எதிரில் ஊரே தலையைப் பார்க்கும்போது அவள் மட்டும் இவன் பக்கம் திரும்பி நின்றிருந்தாள், வாஸ்தவம். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், அதுவும் வாஸ்தவம். ஆனால் பார்த்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள். எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. சேலைத் தலைப்பால் இவன் முதுகைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் இவன் கழுத்தில் மணி இல்லை. கேட்டால், "சத்தத்துல தூக்கமே புடிக்கல" என்றாள். இத்தனை வருஷமும் பிடித்த தூக்கம்! வயசாகிறது, என்ன செய்வது? அந்த வாரம் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது இந்தக் குடையை வாங்கி வந்தாள். "மழ வரும்போல இருக்குது, ஆட்டுக்குச் சளி புடிச்சுக்கும்" என்றாள். சளி என்று முதலில் சொன்னதே அவள்தான். இப்போது அவள் என் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதில்லை. எழுந்து போய் இவன் கொட்டாய் ஒழுகுகிறதா என்று பார்க்கிறாள்.

அதற்குப் பிறகும் சின்னச் சின்னத் தொந்தரவு இருந்தது. கிடா வெட்டு என்றால் கறிச் சோறு இருக்க வேண்டும் அல்லவா? ஆலை கேண்டீனிலிருந்து தக்காளிச் சோறு வந்தது. "கெடா வெட்டுக்குத் தக்காளிச் சோறா?" என்று நாலைந்து பேர் இவனை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வெட்டிய தலை பூசாரிக்குப் போக வேண்டும், வழக்கம். நாலு பேர் தூக்கிப் போய் வைத்தார்கள், வாசலில் நுழையவில்லை. வெளியிலேயே கிடக்கிறது. அவர் வீட்டம்மா கொம்பில் துண்டு காயப்போடுகிறார்கள். முண்டம் இங்கே இருக்கிறது. லாரி போனால் இன்னும் ஆடுகிறது. தலை போனதுக்கப்புறம் என்ன சம்மதம் வேண்டிக் கிடக்கிறது என்று பூசாரி அந்தப் பக்கமே வருவதில்லை. நானும் சில சமயம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கணக்கு தீர்ந்ததா, தீரவில்லையா? தீர்ந்துவிட்டது சார். ஊரே சாட்சி. நான் இரவல் உயிர் கிடையாது, சொந்த உயிர்.

காற்று திரும்புகிறது. இந்தக் காம்பைக் கொஞ்சம் பிடியுங்கள், நான் இவனை உள்பக்கமாக... ராசு, டேய், இந்தப் பக்கம் வா... ஐயோ, குடை மடங்கிவிட்டது, பிடியுங்கள் சார், பிடியுங்கள்!

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? லாரி போனது சார். அந்த அதிர்வுக்குத்தான் இவன் உடம்பை உதறினான். ரோட்டில் ஒன்றும் காணோமா? அதற்குள் வளைவில் திரும்பியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் லாரி ஓடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? எவர்சில்வர் கிடா ஏன் ஆடவில்லை என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும், அதற்குத்தான் தலையே இல்லையே.

நீங்கள் வெளியூர்தானே? நல்லது. மழை விட்டதும் நேரே பஸ் ஏறிவிடுங்கள், ஊருக்குள் போக வேண்டாம்.

குடையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் சாயுங்கள் சார்.